முள்ஷிப் பள்ளத்தாக்கும் அதன் மக்களும்

தாதர் பூச்சந்தைக்குச் சென்று வராத தமிழ்க் குடும்பம் மும்பை மாநகரில் இல்லை எனலாம். பொங்கலுக்கு முதல் நாளும் சரசுவதி பூசைக்கு முதல் நாளும் பொழுது புலருமுன்பே கையில் பையுடன் நாம் அங்குக் கூடிவிடுகிறோம். அச்சந்தையை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலைக்குச் ‘சேனாபதி பாபட் மார்க்’ என்பது பெயர். துளசி ஏரியின் நீரை நகருக்குக் கொணர்ந்த குழாயை நினைவூட்டி, ‘துளசி பைப் ரோடு’ என்றே முதியோர் இன்னும் அதனை வழங்குவர். புனே நகரிலும் அதே சேனாபதியின் பெயரால் ஒரு பெருஞ்சாலை உண்டு. நாள்தோறும் நம் நாவில் வழங்கும் இப்பெயருக்கு உரியவர் யார்? அவர் எந்தப் படைக்குச் சேனாபதி? எந்தப் போரை நடத்தினார்? இவ்வினாக்களை நம் குழந்தைகள் கேட்பின் நம்மில் எத்துணைப் பேரால் விடை கூற இயலும்?

அவருடைய படையில் யானையும் இல்லை, குதிரையும் இல்லை. ஏர் பிடித்த உழவரும், நாற்று நட்ட பெண்டிருமே அவர் சேனை. அவர்கள் காக்க முனைந்தது மலைகளுக்கு இடையே அமைந்த ஒரு சிறு பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் பெயர் முள்ஷி. நாம் வாழும் மராட்டிய நாட்டை நாம் அறிய வேண்டுமாயின், கோட்டைகளையும் அரசர்களையும் மட்டும் அறிந்தால் போதாது. இத்தகைய சிறு நிலப்பகுதிகளின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். ஆதலின் இவ்வாண்டு மலரில் அதனை நம் அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

நிலத்தின் அமைப்பு

நம் இலக்கியங்கள் சையம் என வழங்கும் மலைத்தொடரே மராட்டியத்தில் சஹ்யாத்திரி எனப்படுகிறது. மேற்குப் பக்கத்தில் அது சுவர்போல் செங்குத்தாக இறங்கிக் கொங்கணச் சமவெளியைத் தொடும். கிழக்குப் பக்கத்திலோ மெல்லச் சரிந்து தக்காண மேட்டு நிலத்தோடு கலந்துவிடும். அந்தக் கிழக்குச் சரிவில், கைவிரல்களை விரித்து வைத்தாற்போல் மலைக்கிளைகள் நீண்டு கிடக்கின்றன. விரல்களுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் இடைவெளியும் ஒரு பள்ளத்தாக்கு. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஆறு. இப்பகுதி முழுமைக்கும் மாவள் என்று பெயர். கதிரவன் மறைதலைக் குறிக்கும் மராட்டிச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். மேட்டு நிலத்தார்க்கு அது மேற்றிசை நாடு அன்றோ? பவனா மாவள், ஆந்தர் மாவள், நாணே மாவள் என ஆற்றின் பெயராலோ ஊரின் பெயராலோ ஒவ்வொன்றும் அழைக்கப்பெற்றது. பன்னிரு மாவளங்கள் என எண்ணிக் கூறுதல் மரபு.

லோணாவளாவுக்குத் தெற்கே, புனேக்கு மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது முள்ஷி. முளா என்னும் ஆறும் நிளா என்னும் ஆறும் அங்குக் கூடின. முளா ஆறு கிழக்கே ஓடிப் புனே நகரில் முட்டாவுடன் சேர்ந்து, பின்னர் பீமாவையும், அதன் வழியே கிருஷ்ணையையும் அடைந்து, வங்கக் கடலில் கலக்கிறது. மலை விளிம்பிலிருந்து அரபிக்கடல் அறுபது கிலோமீட்டருக்குள்தான். எனினும் அந்த நீர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எதிர்த்திசையில் நடந்து கீழைக் கடலைச் சேர்வது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. இவ்விந்தையை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். முள்ஷியின் தலைவிதி இதனுள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

மழையோ அங்கு அளவின்றிப் பெய்யும். தாம்ஹிணிக் கணவாயை ஒட்டிய சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டுவதுண்டு. கிழக்கே சிறிது தொலைவில் உள்ள புனேயிலோ அது 700 மில்லிமீட்டர் அளவே. ஆனி பிறந்ததும் முகில் இறங்கினால், புரட்டாசி வரையில் மலைமுகடுகள் கண்ணுக்குப் புலப்படா.

மக்களும் தொழிலும்

குறிஞ்சி, முல்லை, மருதம் எனத் தமிழர் வகுத்த மூன்று நிலங்களையும் ஒரே பள்ளத்தாக்கில் காண விரும்புவோர் முள்ஷியைக் கண்டிருக்கலாம். மலைமுகட்டில் எருமைகளையும் ஆடுகளையும் மேய்த்த தங்கர்கள். காடுபடு பொருள் கொண்டு வாழ்ந்த காத்கரிகளும் மகாதேவ கோளிகளும். சரிவுகளில் கேழ்வரகும் தினை வகைகளும் விளைத்த சிறு குடியானவர். ஆற்றங்கரையில் நெல் பயிரிட்ட மராட்டிய உழவர். ஊர்க்காவலும் பிற ஊழியமும் புரிந்த மகார்கள் எனப் பல்வேறு மக்கள் அங்கு வாழ்ந்தனர்.

நெல்லே அப்பள்ளத்தாக்கின் பெருமை. ‘அம்பேமோஹர்’ என்னும் அரிசி அங்கு விளைந்தது. மாம்பூ என்பது அச்சொல்லின் பொருள். உலையில் கொதிக்கும்போதே மாம்பூவின் மணம் வீசுவதால் அப்பெயர் பெற்றது. சோறு சற்றே குழைந்து வரும். குழந்தைக்கும் நோயாளிக்கும் ஏற்றது எனப் போற்றுவர். சீரகச் சம்பாவின் அருமையை அறிந்த நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாற்றங்காலில் தழையையும் சாணத்தையும் பரப்பித் தீயிட்டு, அச்சாம்பல் படிந்த மண்ணில் விதைக்கும் ‘ராப்’ என்னும் முறை அவ்வுழவரிடம் வழிவழியாக வந்தது. வெள்ளத்தில் வண்டல் தங்குமாறு கல்லடுக்கி வரப்பிட்டு, தலைமுறை தலைமுறையாகத் திருத்திய வயல்கள் அவை.

மாவள நாட்டார் மாவளா எனப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் சத்திரபதி சிவாஜி தம் முதற்படையைத் திரட்டியது இப்பள்ளத்தாக்குகளிலேயே. செங்குத்தான பாறையில் ஏறவும், மழையிலும் இருளிலும் வழி கண்டு நடக்கவும், ஒரு பிடி அவலோடு நாள் முழுதும் பசி பொறுக்கவும் வல்ல அவ்வுழவரைக் கொண்டே அவர் அரசு நிறுவினார். முள்ஷியைச் சூழ்ந்துள்ள கோரிகட், கன்கட் முதலிய கோட்டைகள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. அரசுகள் மாறின; பேஷ்வாக்கள் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். ஆயினும் ஆடி மாதத்தில் நாற்று நடும் வேலை மாறவில்லை. வறுமை இருந்தது; புனே நகரத்துச் சாகுகார்களிடம், அதாவது வட்டிக்கடைக்காரரிடம், நிலங்கள் பல அடைமானத்தில் இருந்தன. எனினும் நிலம் கண்ணெதிரே இருந்தது.

மலையின் அமைப்பே பகையானது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாய் நகரம் பஞ்சாலைகளால் நிறைந்திருந்தது. தொலைவிலிருந்து வரும் நிலக்கரியை எரித்தே அவை ஓடின. புகை நகரைச் சூழ்ந்தது, செலவும் மிகுந்தது. சஹ்யாத்திரியில் பொழியும் பெருமழையைத் தேக்கி, மலையிலிருந்து வீழச் செய்து, அவ்விசையால் மின்சாரம் ஆக்கலாம் என்னும் எண்ணம் ஜாம்ஷெட்ஜி தாதா அவர்களுக்கு உண்டாயிற்று. 1904-இல் அவர் மறைந்த பின்னர் அவர் மைந்தர்கள் அதனை நிறைவேற்றினர். 1910-இல் முதல் நிறுமம் தோன்றியது. 1915-இல் கோபோலி நிலையத்திலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் வந்தது. 1922-இல் பிவ்புரி நிலையம் இயங்கலாயிற்று. மூன்றாவது திட்டத்திற்கென 1919-இல் ஒரு நிறுமம் அமைக்கப்பட்டது. அதற்குத் தேர்ந்த இடமே முள்ஷி.

முன்னர் நினைவில் இருத்துமாறு கூறிய விந்தையை இங்கு எடுத்துக்கொள்வோம். கிழக்கே ஓடும் முளா ஆற்றைக் குறுக்கே அணையிட்டு மறித்தால் பள்ளத்தாக்கு முழுதும் ஏரியாகும். அந்நீரைச் சுரங்கத்தின் வழியே மேற்கு விளிம்புக்குக் கொண்டுசென்று குழாய்களில் இறக்கினால், ஏறத்தாழ 500 மீட்டர் வீழ்ந்து கொங்கணத்தில் பீரா என்னும் ஊரில் பொறிகளைச் சுழற்றும். இத்துணை மழை, இத்துணை உயரம், பம்பாய்க்கு இத்துணை அணிமை ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த இடம் அரிது. பொறியியல் வல்லுநர் பார்வையில் முள்ஷி ஒரு கிண்ணம். கிண்ணத்திற்குள் மனிதர் இருந்தனர் என்பதே இடையூறு.

ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களும் ஏறத்தாழ பதினோராயிரம் மக்களும் பாதிக்கப்படுவர் என அக்காலத்தில் கணக்கிட்டனர். நிலத்தை அளக்கவும் ஆய்வுக் குழிகள் தோண்டவும் ஆட்கள் வந்தபோதுதான் உழவருக்குச் செய்தி தெரிந்தது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி, பொதுப் பயன் என்று அரசு அறிவித்துவிட்டால் உடையவன் இசைவு வேண்டுவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு எழுந்து செல்ல வேண்டியதே. வேறு நிலமோ வேறு ஊரோ தர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை.

உழவர் போர்

1921-ஆம் ஆண்டு ஏப்ரல் 16, இராமநவமி நன்னாள். பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறத்தாழ 1,200 மாவளர் அணைகட்டும் இடத்தை நோக்கி நடந்தனர். வேலை நடக்கும் இடத்திலேயே அமர்ந்தனர், எவரையும் தாக்கவில்லை. கூலியாட்கள் கருவிகளைக் கீழே வைத்தனர். வேலை நின்றது. ‘உயிர் அல்லது நிலம்’ என்பதே அவர்களின் முழக்கம். அணைத் திட்டம் ஒன்றினை எதிர்த்து உலகில் நடந்த முதல் மக்கள் இயக்கம் இதுவே என வரலாற்றறிஞர் இராஜேந்திர வோரா தம் நூலில் நிறுவியுள்ளார்.

அம்மாதத்திலேயே காந்தியடிகள் ‘யங் இந்தியா’ இதழில் முள்ஷியைப் பற்றி எழுதினார். எத்துணைப் பெரிய நன்மையாயினும் ஓர் ஏழையின் விருப்பத்திற்கு மாறாக அதனைத் திணித்தல் தகாது என்பதே அவர் கருத்து. வினாயகராவ் புஸ்குடே மக்களிடையே தங்கி இயக்கத்தை நடத்தினார். பின்னாளில் அதன் வரலாற்றையும் எழுதினார். ‘கேசரி’ இதழின் ந. சி. கேள்கர் துணை நின்றார். எழுத்தாளர் சி. ம. பராஞ்ஜபே சிறை புகுந்தார். எனினும் சில மாதங்களில் வேலை மீண்டும் தொடங்கிற்று. அப்போது முன்னின்றவரே பாண்டுரங்க மகாதேவ பாபட்.

1880-இல் பார்னேர் என்னும் ஊரில் பிறந்த பாபட், எடின்பரோவில் கற்றவர். இளமையில் பாரிசில் வெடிகுண்டு செய்யும் முறை பயின்று திரும்பிய புரட்சியாளர். அத்தகையவர் முள்ஷி உழவரோடு அமர்ந்து அறப்போர் நடத்தினார். பன்முறை சிறை சென்றார். சேனாபதி என்னும் பட்டம் அவர்க்கு இங்குதான் வாய்த்தது. நாளடைவில் மக்கள் தளர்ந்தனர். அணை உயர்ந்துகொண்டே வந்தது. 1924 டிசம்பரில், தொண்டர் சிலரோடு தண்டவாளத்தில் கற்களை அடுக்கி, கட்டுமான வேலைக்கான ரயிலை மறித்தார். அன்று அவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்துடன் முள்ஷியின் போர் முடிவுற்றது. 1927-இல் பீராவில் பொறிகள் சுழன்றன.

தோல்விக்குக் காரணம்

அரசின் வலிமையும் நிறுமத்தின் செல்வமும் மட்டும் இத்தோல்விக்குக் காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. வரலாறு அவ்வளவு எளிதன்று. நிலத்தில் உழைத்தவர் ஒருவர். பத்திரத்தில் பெயர் கொண்டவர் பல இடங்களில் மற்றொருவர். அடைமானம் பிடித்திருந்த சாகுகார்களுக்கு நிலம் என்பது வட்டி. நல்ல விலை கிடைத்தபோது அவர்கள் இழப்பீட்டை ஏற்க முற்பட்டனர். நிலமற்ற கூலியாட்களுக்கும், மேய்ச்சலை நம்பியிருந்தோருக்கும் இழப்பீட்டுக் கணக்கில் இடமே அரிது. ஒரே பள்ளத்தாக்கில் வாழ்ந்தோரும், அப்பள்ளத்தாக்கால் வாழ்ந்தோரும் ஒருமனப்படவில்லை. ஒரு சமூகம் பிளவுபட்டிருந்தால் அதன் நியாயம் எத்துணைப் பெரிதாயினும் நில்லாது என்பதற்கு முள்ஷி ஒரு சான்று.

மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. அந்த மின்சாரம் பம்பாயின் புகையைக் குறைத்தது, ஆலைகளை ஓட்டியது, பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. இன்றளவும் பீரா நிலையம் இம்மாநகருக்கு மின்விசை தருகிறது. 1990-களின் இறுதியில் அங்கு அமைக்கப்பட்ட 150 மெகாவாட் பொறி, மின்தேவை குறைந்த வேளையில் கீழிருக்கும் நீரை மீண்டும் மேலே ஏற்றி, தேவை மிகுந்த வேளையில் அதனை இறக்கி மின்சாரம் ஆக்குகிறது. பொறிகளைச் சுழற்றிய நீர் குண்டலிகா ஆற்றில் கலந்து கொங்கண வயல்களுக்கும் பாய்கிறது. வங்கக் கடலுக்கு உரிய நீர் இவ்வாறு அரபிக்கடலுக்குச் செல்கிறது. வறண்ட பீமாப் பகுதியினர் அந்நீரைத் தமக்கே திருப்பித் தருமாறு கேட்பதும் உண்டு. நூறாண்டுக்கு முன் முடிந்ததாக எண்ணிய வழக்கு வேறோர் உருவில் தொடர்கிறது.

பின்னர் நிகழ்ந்தவை

ஏரி நிரம்பியதும் சிலர் வேற்றூர் சென்றனர். சிலர் நீர்மட்டத்திற்கு மேலே மலைச்சரிவில் குடிசையிட்டுத் தங்கினர். நல்ல வயல் நீருக்கடியில் போயிற்று. கல் நிறைந்த சரிவே எஞ்சியது. ஊருக்கு ஊர் நடந்து சென்ற வழிகளும் மறைந்தன.

ஆயினும் அவர்கள் போர் வீணாயிற்று என நாம் கருதவில்லை. அணையால் இடம் பெயர்ந்தோர்க்கு மாற்று நிலமும் குடியிருப்பும் தர வேண்டும் எனச் சட்டம் இயற்றுவதில் மராட்டிய மாநிலம் முன்னின்றது. 1976-ஆம் ஆண்டு அச்சட்டம் வந்தது. 1894-ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டமும் நீக்கப்பட்டு, மறுவாழ்வை உள்ளடக்கிய புதுச்சட்டம் 2013-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இவை முள்ஷியார்க்குக் காலம் கடந்து வந்த நீதி. அம்பேமோஹர் அரிசிக்கும் பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தது. எஞ்சிய வயல்களில் இன்னும் அம்மணம் வீசுகிறது.

இன்று முள்ஷி தாலுகா வேறொரு முகமும் கொண்டுள்ளது. நம் இளைஞர் பலர் பணிபுரியும் ஹிஞ்ஜவடி கணினித் தொழிற்பூங்கா அத்தாலுகாவின் கிழக்கெல்லையில்தான் உள்ளது. அண்டையிலுள்ள மோசே பள்ளத்தாக்கில் லவாசா என்னும் மலைநகரம் எழுப்ப முனைந்தபோது, 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்த ஆணையிட்டது. நிலம் யாருடையது, பொதுப் பயன் எது என்னும் பழைய வினா அங்கும் எழுந்தது.

நமக்கு இதனால் என்ன?

மாட்டுங்காவில் தென்னிந்தியக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறியது 1920, 1930-களில் ஆகும். காவிரிக் கரையிலும் தாமிரவருணிக் கரையிலும் வீட்டைப் பூட்டித் திறவுகோலை உறவினரிடம் கொடுத்துவிட்டு நம் முன்னோர் ரயிலேறிய அதே காலத்தில்தான், முள்ஷி உழவரும் தம் வீடுகளை விட்டு நீங்கினர். நம் முன்னோர்க்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியைக் காணவும், குலதெய்வத்திற்குப் பொங்கலிடவும், காதணி விழா நடத்தவும் நாம் சென்றோம், இன்றும் செல்கிறோம். அவர்கள் பூட்டிய கதவுக்கோ திறவுகோல் பயன்படவில்லை. ஊரை விட்டு வருதல் வேறு. ஊரே இல்லாமற் போதல் வேறு. புலம்பெயர்ந்தோர் என்று நம்மை நாமே இரங்கிக்கொள்ளும்போது இவ்வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

வேறொரு தொடர்பும் உண்டு. இந்நகரில் அலுவலகம் செல்வோர்க்கு வீட்டுச் சோற்றைச் சுமந்து சென்று தரும் டப்பாவாலாக்கள், முள்ஷி உள்ளிட்ட மாவளத் தாலுகாக்களிலிருந்தும் அவற்றை அடுத்த மலைப்பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். 1890 முதல் நடைபெற்றுவரும் தொழில் அது. நம் அன்னையர் கட்டித் தந்த சாம்பார் சோற்றையும் தயிர்ச் சோற்றையும் பல்லாண்டுகள் பிழையின்றிக் கொண்டு சேர்த்த வெண்குல்லாய்க்காரர், அம்பேமோஹர் விளைந்த மலைநாட்டின் பிள்ளைகள். அவர்களுடைய மண் நமக்கு மின்சாரம் தந்தது. அவர்களுடைய தோள் நமக்குச் சோறு கொணர்ந்தது. நாமோ அவர் ஊரின் பெயரைக் கேட்டதில்லை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் நம் குடும்பங்கள் பல தாம்ஹிணிக் கணவாய்க்கும் முள்ஷி ஏரிக்கும் இன்பச் செலவு செல்கின்றன. அருவியில் நனைந்து, படம் எடுத்து, கட்டுச்சோறு உண்டு திரும்புகின்றன. அடுத்தமுறை செல்லும்போது, ஏரிக்கரையில் சிறிது நேரம் நின்று, இந்நீரின் அடியில் வயல்கள் இருந்தன, ஊர்கள் இருந்தன என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கரையிலுள்ள சிற்றூரில் ஒரு முதியவரைக் கண்டால், ‘உங்கள் பழைய ஊர் எது, பாட்டா?’ என்று அவர் மொழியில் கேளுங்கள். பல்லாண்டு இங்கு வாழ்ந்த நமக்கு அவ்வளவு மராட்டி தெரியும். அங்கு விளைந்த அரிசியில் சிறிது வாங்கி வாருங்கள். வரும் தைத்திங்களில் ஒரு பானைப் பொங்கலை அவ்வரிசியில் வையுங்கள்.

உண்ட வீட்டை மறவாமை தமிழர் பண்பு. விளக்கேற்றிய நிலத்தை மறவாமையும் அப்பண்பின் பாற்பட்டதே. தாதர் சந்தையில் இனி நாம் பூ வாங்கும்போது, அச்சாலையின் பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோமாக.